இடக்கை ஆட்டம்

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்றதும் எல்லோரும் அவருடைய வேகத்தைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் வேகம் அவர் ஆட்டத்தில் இரண்டாம் இடம்தான். முதலிடம் இடக்கைக்கு. அதைச் சொல்ல வாத்தியத்தின் குறையிலிருந்து தொடங்க வேண்டும்.

மாண்டலினுக்கு எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. கழுத்து குட்டை, தந்தி விறைப்பு. மீட்டிய கணமே ஒலி செத்துவிடும். வயலினில் வில் ஓடும்வரை நாதம் நிற்கும், நாகசுரத்தில் மூச்சு உள்ளவரை நிற்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. இந்தக் குறையை அமெரிக்காவில் ஒருவிதமாகச் சமாளித்தார்கள், இங்கே வேறுவிதமாக.

அமெரிக்காவின் புளூகிராஸ் இசையில் வழக்கமாகத் தோல்வாத்தியமே கிடையாது. பாஞ்சோ, ஃபிடில், கிடார், பெரிய பாஸ், மாண்டலின், அவ்வளவுதான். தாளத்தை யாராவது சுமக்க வேண்டுமே! 1940-களில் பில் மன்றோ அந்தச் சுமையை மாண்டலின் மேல் ஏற்றினார். எதிரடியில் தந்திகளை ஓங்கி மீட்டி, இடக்கை விரல்களை உடனே தளர்த்தினால் சுரம் அறுந்து ‘டக்’ என்ற அடி மட்டும் மிஞ்சும். இதற்கு ‘சாப்’ என்று பெயர். ஒலி சீக்கிரம் சாவதையே பலமாக்கிக்கொண்ட தந்திரம் இது. அந்த அடிக்குள் ராக், ரெகே தாளங்களைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சாம் புஷ். 1971-ல் ‘நியூ கிராஸ் ரிவைவல்’ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். எழுபதைத் தாண்டிய பிறகும் மேடையில் நின்றபடிதான் வாசிக்கிறார். அவர் தனியாக வாசிக்கும்போது கைதட்டுகிறவர்கள், மற்றவர் வாசிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்றும் பார்க்க வேண்டும். பாஞ்சோக்காரர் முன்னால் வந்ததும் இவர் பின்னால் போய் மத்தளமாகிவிடுவார். மொத்தக் குழுவும் அந்த ஒரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

நம் மேடையில் அந்த வேலைக்கு மிருதங்கம் இருக்கிறது. தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: டேனரியில் குரோமில் ஊறி, ‘வெட்புளூ’வாகி, ஷூவுக்குப் போகும் தோல் மிருதங்கத்துக்கு உதவாது. பதனிட்டால் தோல் மெத்தென்றாகிவிடும், நாதம் எழாது. மிருதங்கம் கட்டுபவர் பதனிடாத தோலைத்தான் இழுத்துக் கட்டுகிறார். வலந்தலை சுருதியோடு நின்று பேசுவது அந்த விறைப்பினால்தான். அப்படி ஒரு வாத்தியம் பக்கத்தில் இருப்பதால் மாண்டலினுக்குத் தாளப் பொறுப்பு இல்லை. அது பாடலாம்.

பாடுவதற்கும் அந்தச் செத்த ஒலி விடாதே! இங்கேதான் ஸ்ரீநிவாஸ் வருகிறார். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். தந்தை சத்தியநாராயணா கிளாரினெட் கலைஞர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். ஸ்ரீநிவாஸின் கமகத்துக்கெல்லாம் ஊற்று இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். மாண்டலின் ஆசிரியர் கிடைத்திருந்தால் வாத்தியத்துக்கு எது எளிதோ அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார். வாய்ப்பாட்டுக்காரர் வாத்தியத்தின் வசதியைப் பார்க்கவில்லை.

அதற்கேற்றபடி வாத்தியமே மாறியது. ஜோடித் தந்திகளை வளைத்தால் இரண்டும் ஒன்றுபோல வளையாது, சுருதி பிசகும். எனவே ஒற்றைத் தந்தி, அதுவும் மின் மாண்டலினில். ஒலிபெருக்கியின் துணையோடு ஒருமுறை மீட்டிய நாதம் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இடக்கை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த கட்டைக்கு வழுக்கி, பாதி வழியில் திரும்பி வந்துவிட வேண்டும். மீட்டு ஒன்று, அசைவு மூன்று நான்கு. அவர் ஆலாபனையை வலக்கையை எண்ணிக்கொண்டு கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: அவ்வளவு குறைவாகத்தான் மீட்டுவார்.

கதனகுதூகலம் வாசித்தால் சபை துள்ளும். ஆனால் அது மாண்டலினுக்குத் தோதான ராகம். பெரும்பாலும் அசையாத சுரங்கள், கட்டைக்குக் கட்டை தாவினால் போதும். பரீட்சை தோடியில். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, கட்டைகளுக்கு நடுவில் ஆடும். உலோகக் கட்டை பதித்த வாத்தியத்தில் அதைக் கொண்டுவந்தாரா என்பதுதான் கேள்வி; கொண்டுவந்தார். 1978-ல் குடிவாடாவில், ஒன்பது வயதில் மேடையேறிய பையனைக் கேட்டுச் சந்தேகப்பட்டவர்கள் பிறகு வாயடைத்தது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

குறை இல்லாமல் இல்லை. துரித காலக் கற்பனாசுரத்தில் சில இரவுகள் அவர் ஓடிக்கொண்டே இருப்பார். மூச்சுவிட இடமிருக்காது, பக்கத்து வயலின் அமுங்கிவிடும். அந்தப் பழக்கத்துக்கு நல்ல மருந்து ‘ரிமெம்பர் சக்தி’ குழு என்பேன். 1990-களின் இறுதியில் கிடாரில் ஜான் மெக்லாஃப்லின், தபலாவில் ஜாகிர் உசேன், கஞ்சிராவில் செல்வகணேஷ் என்று மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்தபோது காத்திருப்பதும் அவர் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. மும்பையில் பதிவான ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். கிடார் கொட்டி முடித்ததும் இவர் மூன்றே சுரத்தில் பதில் சொல்லும் துணிச்சல் புரியும்.

2014 செப்டம்பர் 19-ல் சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது 45. சாம் புஷ்ஷுக்குக் கிடைத்த முதுமை ஸ்ரீநிவாஸுக்குக் கிடைக்கவில்லை. வயது ஏற ஏற வேகத்தை இறக்கிவிட்டு, தோடியை ஒன்றரை மணிநேரம் வாசிக்கும் ஒரு ஸ்ரீநிவாஸை நாம் இழந்தோம் என்பது என் கட்சி.

தம்பி யு. ராஜேஷ் வாசித்துக்கொண்டிருக்கிறார். மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னைக்கு ரயிலேறுகிறவர்கள் மாண்டலின் கச்சேரி அமைந்தால் அரங்கில் உங்கள் வலக்கைப் பக்கமாக இடம் பிடியுங்கள். கலைஞரின் இடக்கை விரல்கள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.