கோப்பைக் கணக்கில் அடங்காத பயிற்சியாளர்கள்

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேடு நேரு மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே ஆடும் சென்னையின் எஃப்.சி.க்கு ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பை வாங்கித் தந்தவர்கள் இருவர்: 2015-இல் மார்கோ மாத்தராசி, 2017-18-இல் ஜான் கிரகரி. பயிற்சியாளரின் பெருமையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. கோப்பையை விடு, லீக் புள்ளிப்பட்டியலைப் பார் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2017-18 பட்டியலில் ஆல்பெர்ட் ரோகாவின் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னை 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். இறுதிப்போட்டியில் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் உதவ, சென்னை 3-2 என வென்றது. பதினெட்டு ஆட்டங்களில் ரோகா சேர்த்த முன்னிலை ஒரே இரவில் செல்லாமல் போனது. பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கும் 2019-20 முதல் ஷீல்டு தரப்படுவது, இந்தக் குறையை ஐ.எஸ்.எல்.லே ஒப்புக்கொண்டதுபோல்தான்.

ஆனால் லீக் பட்டியலும் முழு உண்மையைச் சொல்வதில்லை. கோப்பை வென்ற அதே கிரகரியின் அணி அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளி மட்டுமே எடுத்துக் கடைசியில் நின்றது. எந்தக் கிரகரியை எடைபோடுவது? 2019-20-இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு அவர் விலக, ஓவன் கோய்ல் வந்தார். மூழ்கிக்கொண்டிருந்த அணியை நான்காமிடத்துக்கும் இறுதிப்போட்டிக்கும் கொண்டுபோனார். சென்னையில் அவர் பெயருக்கு எதிரே கோப்பை இல்லை. அந்தப் பருவத்தின் ஷீல்டு கோவாவுக்குப் போனது. அணியை வளர்த்த செர்ஜியோ லோபேராவை லீக் முடிய மூன்று ஆட்டங்கள் இருக்கும்போது நீக்கிவிட்டார்கள். முடித்து வைத்தவர் கிளிஃபோர்ட் மிராண்டா. பட்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டால் பட்டியல் வாய் திறக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சையத் அப்துல் ரஹீம் இந்தியாவுக்கு 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கமும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடமும் பெற்றுத் தந்தவர். அவர் காலத்தில் தேசிய லீக் கிடையாது. அது 1996-இல்தான் தொடங்கியது. லீக் பட்டங்களை மட்டும் எண்ணினால் ரஹீமின் மதிப்பு பூஜ்யம்.

அப்படியானால் லீக்கைத் தூக்கி எறிவதா? வேண்டாம். எண்ணும் முறையை மாற்றினால் போதும்: எந்த இடத்திலிருந்து அணியை எங்கே கொண்டுபோனார் என்று பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, அந்தத் தேசிய லீக்கின் பிந்தைய வடிவமான ஐ-லீக்கில், 2017-18-இல் பத்து அணிகளில் எட்டாவது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் வந்த அடுத்த பருவத்தில் அது 43 புள்ளியோடு சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பட்டம் ஒன்றுதான், ஏற்றம் ஏழு படி. ஸ்பெயின் வீரர்களை நிர்வாகம் கூட்டிவந்தது, பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார், பயிற்சியாளருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். வெளிநாட்டு வீரர்கள் மற்ற அணிகளிலும் இருந்தார்களே என்பதுதான் பதில். ஒரு புள்ளி வித்தியாசம் அதிர்ஷ்டம் என்ற வாதம் சற்று வலுவானது; கடைசி நாளில் மினர்வாவை 3-1 என வென்றிராவிட்டால் கதை மாறியிருக்கும். அப்போதும் அது இரண்டாமிடம்தான், எட்டாமிடம் அல்ல.

ஏற்றத்தை மட்டும் அளந்தால், உச்சியில் இருப்பவரால் ஏற முடியாதே என்றும் கேட்பார்கள். அங்கேதான் பட்டங்களின் எண்ணிக்கை பயன்படுகிறது. கோவா வீரர்களை முதுகெலும்பாக வைத்து, டெம்போ கிளப்புக்கு 2005 முதல் 2012-க்குள் ஐந்து தேசிய லீக் பட்டங்களைச் சேர்த்தவர் அர்மாந்தோ கொலாசோ. எதிரணிகள் மாறின, போட்டியின் பெயரே ஐ-லீக் என்று மாறியது, அவர் இடம் மாறவில்லை. அந்த ஐந்தை நவாஸின் ஒன்றோடு ஒரே தட்டில் போட்டு ஐந்து மடங்கு பெரியவர் என்று சொல்ல நான் தயாரில்லை.