சோதனைக் குழாயில் ஒரு நீலம்

வாணவேடிக்கையில் நீலம்தான் கடினமான நிறம் என்பது சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். செம்புச் சேர்மம் தரும் அந்த நிறம், சூடு சற்று மிஞ்சினாலே வெளுத்துவிடும். நான் வியக்கும் நீலம், கருவின் நொதியை அளக்கும் ஆய்வகத்தில் பிறப்பது.

கருவுற்ற 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரைச் சுமார் 20 மில்லி எடுத்து, அதில் மிதக்கும் சிசுவின் செல்களைப் பொறுமையாக வளர்க்கிறார்கள். பிறகு அவற்றின் சாற்றில் ஒரு செயற்கைப் பொருளைச் சேர்க்கிறார்கள். நொதி இருந்தால் அதை வெட்டி, மெத்தில் அம்பெல்லிபெரோன் என்ற துண்டை விடுவிக்கும். காரக் கரைசல் ஊற்றியதும் வினை நின்றுவிடும். புறஊதா ஒளியில் அந்தத் துண்டு நீலமாக ஒளிரும். டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோயில் குறைவது ஹெக்சோசமினிடேஸ் ஏ என்ற நொதி என்று ஒக்காடா, ஓப்ரையன் என்ற ஆய்வாளர்கள் 1969இல் காட்டினார்கள். கூடவே இருக்கும் பி வகை சூட்டைத் தாங்கும், ஏ தாங்காது. சுடவைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தே இரண்டையும் பிரித்துவிடலாம். என்ன நேர்த்தி!

சிவகாசி இருக்கும் விருதுநகர்ப் பக்கத்துக்கு இத்தகைய பரம்பரை நோய் தூரத்து விஷயமல்ல. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் ஊர்கள் இவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் உறவுத் திருமணம் 28 சதவீதம். ஒரே பழுதான மரபணுவை இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இத்தகைய நோய்க்கு முதல் குழந்தையைப் பறிகொடுத்து மறுபடி கருவுற்றவளுக்கு, மீதி மூன்று பங்கின் நல்ல சேதியைச் சொல்வதும் இந்தச் சோதனைதான். கருவின் பாலினம் அறிவதைத் தடுத்த 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு இடம் விட்டிருக்கிறது.