பால்வழித் தேர்வும் கூட்டுறவும்: நெடுந்தீவுக் குதிரைகளை முன்வைத்து ஒரு விமர்சனக் குறிப்பு

டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதனின் மரபுவழி பற்றிய நூலிலே பால்வழித் தேர்வு என்னுங் கோட்பாட்டை விரித்துரைத்தார். ஆண்கள் தம்முட் பொருதலும் பெண்கள் தமக்குகந்த ஆணைத் தெரிதலும் அதன் இரு வழிகள். பின்வந்தோர் பலரது கையில் இக்கோட்பாடு, தனியோர் ஆணும் தனியொரு பெண்ணும் எதிரெதிரே நிற்கும் சந்தைக் காட்சியாகச் சுருங்கிற்று. அவை வாழும் கூட்டம் வெறும் பின்னணியாயிற்று. (நமது அகப்பாடல்களிலும் விலங்குகள் பெரும்பாலும் இணைகளாகவே தோன்றுகின்றன. ஆயின் அது தலைவன் தலைவியரின் பொருட்டு அமைந்தது. அதனை விலங்கியலாகக் கொள்வார் இலர்.)

நெடுந்தீவுக் குதிரைகளை நோக்குவார்க்கு இச்சுருக்கம் நிறைவளிக்காது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியராட்சியின் தொடக்கத்திலும் அத்தீவிற் குதிரை வளர்ப்பு நடைபெற்றது. லாயங்களின் இடிபாடுகள் இன்றும் உள. வளர்ப்பு என்பதன் பொருளே, எது எதனோடு சேரவேண்டுமென மனிதன் தீர்மானிப்பதாகும். அது கைவிடப்பட்டபின் குதிரைகள் கட்டாக்காலிகளாயின. தீர்மானம் அவற்றின் சமூகத்திடம் மீண்டது.

கட்டாக்காலிக் குதிரைகளின் குழுவில் ஓர் ஆண், சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள், சில பெண்கள், குட்டிகள் ஆகியன இருக்கும். குழு வாய்க்காத இளம் ஆண்கள் தனித்துத் திரள்வன. இவ்வமைப்பை அந்தப்புரம் எனல் பழைய வழக்கு. மன்னனின் கண்கொண்டு பார்த்த சொல் அது. ஆண் மாறினும் பெண்களின் கூட்டு நிலைப்பதுண்டு. நியூசிலாந்தின் கைமனாவாக் குதிரைகளை ஆராய்ந்த கமரன் முதலியோர் 2009இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. உறவுமுறையற்ற பெண் குதிரைகளிடையே பிணைப்பு வலுப்பெற்றவிடத்து ஈனும் வீதமும் குட்டிகள் பிழைக்கும் வீதமும் கூடின. ஆண்களின் தொல்லை குறைந்தது.

ஆண்களிடையேயும் இதுவே. கோஸ்டாரிக்காவின் நீள்வால் மனகின் பறவைகளில் இரு ஆண்கள் கூடியாடிப் பெண்ணை ஈர்க்கும். புணரும் வாய்ப்போ ஏறத்தாழ முழுவதும் மூத்ததற்கே. இளமையில் எத்துணைப் பறவைகளோடு தொடர்புற்றிருந்தது என்பதைக் கொண்டே ஓர் ஆணின் பிற்கால உயர்ச்சியை முன்னறியலாமென மக்டொனால்ட் 2007இல் காட்டினார். பெண் தெரிவுசெய்ய வரும்போது தெரிவுக்குரியோர் யாரென்பது முன்னரே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். டார்வின் விலங்குகளிடையே தமது இங்கிலாந்துச் சமூகத்தின் போட்டியையும் சந்தையையும் கண்டுகொண்டார் என மார்க்ஸ் 1862இல் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திற் சுட்டினார். வலைப்பின்னல் என்னும் கருத்தும் மனித சமூகத்திலிருந்தே பெறப்பட்டது. மொறேனோ 1934இலேயே மாணவரின் விருப்புவெறுப்புகளைக் கோடுகளாக வரைந்தார். அன்று சந்தையைக் கண்ட கண் இன்று தொடர்பைக் காண்கிறது என்ற ஐயத்தை முற்போக்காளர் எளிதில் ஒதுக்குதலாகாது. கூட்டுறவு என்ற சொல் நமக்கு உவப்பானது என்பதாலேயே ஒரு முடிவை ஏற்றுவிடும் சபலம் நம்மிடமும் உண்டு.

பெரும்பாலான ஆய்வுகளில், ஒன்றாகக் காணப்பட்டமையே உறவுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. தற்செயலைப் பிரித்தறிய, பதிவுகளைக் குலைத்து அடுக்கி ஒப்பிடும் முறையுண்டு. அம்முறையும் இடத்தின் தன்மையை அறியாவிடிற் பயனில்லை. கோடையில் நெடுந்தீவில் நீர் எஞ்சும் இடங்கள் சிலவே. அங்கு அருகருகே நிற்கும் இரு குதிரைகளை இணைத்தது தாகம் மட்டுமேயாகலாம். வரைபடத்திலோ அது நட்பென்றே பதிவாகும்.