அச்சில் வார்த்த போர்க்களங்கள்

நடந்து முடிந்த போரையோ முடிசூட்டையோ ஒரே உச்சக்கணத்தில் நிறுத்தி, நாடகமேடை போல் ஒளியூட்டிப் பெருந்திரையில் தீட்டும் மரபு வரலாற்றோவியம் எனப்படும். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சியபின் மிச்சத்தை வடித்துப் பொம்மை எடுக்கும் விருத்தாசலத்துக் கைவினைஞர் இத்தகைய கண்காட்சிக்குச் சென்றால், வீரத்துக்கு முன்பாக அச்சையே கண்டுகொள்வார். கியூபெக் போரில் தளபதி வூல்ஃப் தோழர்கள் சூழ உயிர்விடுவதை 1770இல் பெஞ்சமின் வெஸ்ட் தீட்டிய ஓவியம் அப்படியொரு மூல அச்சு.

மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த மறு ஆண்டே, இந்தியாவைப் பார்த்திராத ராபர்ட் கெர் போர்ட்டர், அக்கோட்டைத் தாக்குதலை அரைவட்டமாக வளைந்த பனோரமா என்னும் பேரோவியமாக்கி, லண்டன் லைசியம் அரங்கில் கட்டணத்துக்குக் காட்டினார். போர்ச்செய்தியைக் கண்ணால் காண ஏங்கிய நகரத்துக்கு அது திரைப்படம் போன்றது. அந்த ஈர்ப்பை இகழ்வதற்கில்லை.

டேவிட் வில்கி 1839இல் முடித்த ஓவியத்தில் இவ்வகையின் உயரமும் சரிவும் ஒருசேரத் தெரிகின்றன. திப்புவின் உடலருகே விளக்கொளியில் நிற்கும் ஆங்கிலேயத் தரப்புத் தளபதி டேவிட் பேர்டின் காலடியில் சிறைக்கம்பி ஒன்று தெரிகிறது. 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் மைசூர்ப் படையிடம் சிறைப்பட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தவர் அவர். பத்தொன்பது ஆண்டுகளை ஒரு கம்பிக்குள் அடக்கியது அரிய திறமை. ஆயினும் ஓவியம் பேர்டின் மனைவி கேட்டு வரைந்தது என்று அறிந்ததும், ஒரு நாட்டின் வீழ்ச்சி ஒருவரின் பழிதீர்ப்பாகச் சுருங்கிவிட்டது புலப்படும்.

அதே புள்ளலூர்ப் போரை வென்றவர் தரப்பில் காட்டும், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியம் ஒற்றைக் கணத்தை நாடுவதில்லை. பல்லக்கில் தோற்ற ஆங்கிலேயப் படையின் கர்னல் பெய்லி, வெடிக்கும் மருந்துவண்டி, யானைமேல் திப்புவின் தந்தை ஹைதர் என்று போர் முழுவதும் ஒரே சுவரில் விரிகிறது. வரிவரியாக ஒரே முகம் கொண்ட குதிரைவீரர்கள் இங்கும் அச்சு உண்டு என்பதைக் காட்டிக்கொடுக்கின்றனர். போதாக்குறைக்கு, ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் டல்ஹவுசி காலத்தில் மறுபடி வண்ணம் தீட்டப்பட்டதால், எந்தக் கோடு திப்புவின் ஓவியருடையது என்று பிரிப்பது கடினம்.

புள்ளலூரில் வென்ற ஹைதர், விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1இல் ஆங்கிலேயரிடம் தோற்றார். இவ்விரு போர்களும் நடந்த அவரது படையெடுப்பில் எரிந்த கர்நாடிக் பகுதி ஊர்களும் பாழான வயல்களும் மேற்கண்ட ஓவியங்கள் எதிலும் இல்லை.