நாய்க்கும் பெயர் உண்டு

9ஆம் நூற்றாண்டில் எங்கள் தெள்ளாரில் பாண்டியரை வென்றதால் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் ‘தெள்ளாறெறிந்த’ நந்தி ஆனான். நந்திக் கலம்பகமும் அவனைத்தான் பாடுகிறது. ஆனால் மாண்ட வீரனைத் தேட வேண்டுமானால் நடுகல்லிடம்தான் போகவேண்டும்.

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, வட்டெழுத்து. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட சேவகன் கருந்தேவக்கத்தி. பக்கத்திலேயே அவன் நாய். அதற்கும் பெயர் எழுதியிருக்கிறான் கல்தச்சன்: கோவிவன்! இரண்டு கள்ளரைக் கடித்ததாம்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பிரான்சின் தியெப்வால் முதல் உலகப்போர் நினைவுச்சின்னத்தில் உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. பெரிய காரியம்தான். ஆனால் யார் எப்படிச் செத்தான் என்று அதில் இல்லை.

வயலோரம் பழங்கல் கிடந்தால் எழுத்திருக்கிறதா என்று பாருங்கள்; துவைகல்லாக்கிவிடாதீர்கள்.