கட்-ஆஃபுக்கு இப்பாலும் அப்பாலும்

பள்ளியிலேயே தொழில் கற்ற பிள்ளை பின்னாளில் நன்றாகச் சம்பாதித்தால், அதற்குக் காரணம் அந்தப் படிப்பா, இல்லை அவன் இயல்பிலேயே ஊக்கமானவனா? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய ஆய்வுகள் மிகக் குறைவு. அவற்றில் சிறந்தவை அமெரிக்காவில் நடந்தவை.

முதலில் சொல்ல வேண்டியது, ஒரு தொழில்துறையை மையமாக வைத்துப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் ‘கெரியர் அகாடமி’களைப் பற்றி ஜேம்ஸ் கெம்பிள் தலைமையில் எம்.டி.ஆர்.சி. நிறுவனம் செய்த ஆய்வை. 1993இல் தொடங்கியது. ஒன்பது உயர்நிலைப் பள்ளிகளில், இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்ததால் சீட்டுக் குலுக்கிச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் வேறு எதிலும் வேறுபடாதவர்கள் என்பதால் ஒப்பீடு நம்பத்தக்கதாக இருந்தது. பள்ளி முடிந்து எட்டு ஆண்டு கழித்து, 2008இல் வெளியான அறிக்கை பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பட்டம் பெறுவதிலோ கல்லூரிப் படிப்பிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை; ஆனால் ஆண்டு வருமானம் சராசரியாக 11 சதவீதம் கூடுதல், ஆண்களுக்கு 17 சதவீதம். கல்லூரிச் சேர்க்கையை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் இந்தத் திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள்.

குலுக்கல் இல்லாத இடத்தில் கட்-ஆஃப் கைகொடுத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் தனித் தொழில்நுட்பப் பள்ளிகளில் சேர மதிப்பெண் வரம்பு உண்டு. அதை மயிரிழையில் தாண்டியவனையும் மயிரிழையில் தவறவிட்டவனையும் பிரன்னர், டௌஹர்ட்டி, ராஸ் மூவரும் ஒப்பிட்டார்கள். உள்ளே போன ஆண்பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி கூடியது. பின்னாளில் சம்பளம் 32 சதவீதம் அதிகம். எந்தத் துறையில் வேலைக்குப் போனார்கள் என்பது இந்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. அவர்கள் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தார்கள், பொதுத் தேர்வுகளிலும் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். படிப்பு வராதவனுக்குத் தொழில் என்ற பழைய எண்ணத்தை இதைவிட அழுத்தமாக மறுக்கும் சான்றை நான் பார்த்ததில்லை.

பக்கத்து மாசசூசெட்ஸில் இத்தகைய பள்ளிகள் நடக்கும் முறையைப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும். ஒன்பதாம் வகுப்பில் வயரிங், தச்சு, மோட்டார் பழுது, சமையல் என்று பல பட்டறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு ஒரு வாரம் வகுப்பறை, மறுவாரம் முழுக்கப் பட்டறை. ஒரே தொழிலில் ஆண்டுக்கணக்காக ஊறுகிறார்கள். கிரைஸ்மனும் ஸ்டாஞ்சும் நாடு தழுவிய தரவுகளில் கண்டதும் இதையே: மேல்நிலைத் தொழிற்பாடத்தை ஓராண்டு கூடுதலாகப் படித்தால் ஊதியம் ஏறத்தாழ 2 சதவீதம் உயர்கிறது, அறிமுகப் பாடங்களால் பயனே இல்லை. எல்லாப் பள்ளியிலும் ஆளுக்கொரு தொழிற்பாடம் என்று அறிவிக்கும் அரசுகள் இதைப் படிக்க வேண்டும்.

இந்த நன்மை நிலைக்குமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் உடன்பாடில்லை. ஹனுஷெக் குழுவினர் 11 நாடுகளை ஒப்பிட்டு 2017இல் எழுதியபடி, தொழிற்கல்வி பெற்றவர்கள் தொடக்கத்தில் முந்துகிறார்கள். தொழில்நுட்பம் மாறும்போது, வயதான காலத்தில் பின்தங்குகிறார்கள். பின்லாந்தில் சேர்க்கை வரம்பை வைத்துச் சில்லிமன், விர்த்தனன் செய்த ஆய்வோ 33 வயதிலும் ஆதாயம் குறையவில்லை என்கிறது. அந்த மாணவர்களுக்கு ஐம்பது வயதாகும்வரை இந்த வழக்கு தீராது.

என்னை உறுத்துவது வேறு. கனெக்டிகட்டில் பெண்பிள்ளைகளுக்கு எந்தப் பயனும் தென்படவில்லை. அகாடமி ஆய்விலும் வருமான உயர்வு பெரும்பாலும் ஆண்களுடையதே. பெண்கள் அழகுக்கலை, குழந்தைப் பராமரிப்பு போன்ற குறைந்த கூலித் தொழில்களிலும் ஆண்கள் மின்பணி, எந்திரப் பணிகளிலும் குவிவது ஊரறிந்த செய்தி. அந்த ஒன்றே காரணமா, அல்லது வயரிங் கற்ற பெண்ணுக்கும் வேலை தருபவர் கதவைச் சாத்துகிறாரா? பெண்களைத் தொழில்வாரியாகப் பிரித்து, பள்ளி முடிந்தபின் பத்தாண்டாவது பின்தொடரும் ஆய்வு வந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.