காட்டும் கையும் காணும் கண்ணும்: பெற்றோர் வளர்ந்த ஊரும் விடுமுறைப் பிள்ளைகளும் – சக்குபள்ளத்தை முன்வைத்து

முன்னுரை

கோடை விடுமுறையில் இளம்பிள்ளைகளைத் தாயோ தந்தையோ பிறந்து வளர்ந்த ஊருக்கு அழைத்துச் செல்வது தமிழ்க் குடும்ப வாழ்வில் நிலைபெற்ற வழக்கம். சிறுகதை, நாவல், தன்வரலாறு ஆகியவற்றில் இவ்வழக்கம் பலமுறை பொருளாகியுள்ளது. எனினும் இவற்றை ஆராயும் திறனாய்வு, திரும்பிவரும் மூத்தவரின் நினைவேக்கத்தையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கிறது. உடன்வரும் பிள்ளை, கதை கேட்கும் செவியாக மட்டுமே எஞ்சுகிறது. மூத்தவர் காட்டுவது எது, பிள்ளை காண்பது எது, இரண்டும் ஒன்றுதானா என்னும் வினா எழுவதில்லை.

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் நிலப்பகுதி ஒன்று தமிழக – கேரள எல்லையில் உள்ளது. இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தைச் சார்ந்த சக்குபள்ளம் ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர். இம்மலைத்தொடரின் தோட்டங்களில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். அவர்களுள் மலையில் பிறந்து வளர்ந்து, பின் தமிழகத்தில் குடியமர்ந்த ஒருவர் தம் பிள்ளைகளுக்குத் தம் இளமையின் ஊரைக் காட்ட விரும்பினால் எதைக் காட்டுவார்? அவ்வூரை நம் திறனாய்வு 'ஊர்' என ஏற்கிறதா? இவ்விரு வினாக்களையும் சங்க இலக்கியம் தரும் கருவிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறம்பும் பாரி மகளிரும்

இளமைக்கால இடத்தை நினைந்து இரங்கும் பாட்டு என்றவுடன் புறநானூற்றின் 243ஆம் பாடல் நினைவுக்கு வருவது இயல்பு. நீர்நிலையில் மகளிரோடு கைகோத்து ஆடியதையும், நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் கரையோர் வியக்கக் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் கோலூன்றிய முதியவர் எண்ணி இரங்குகிறார். அங்குக் காட்டப்படுவதற்கு ஒரு பிள்ளையும் உடன் இல்லை. நினைவு தனக்குள்ளேயே தொடங்கித் தனக்குள்ளேயே முடிகிறது. நினைவேக்கத்தை மட்டும் அளக்கும் திறனாய்வுக்கு இப்பாடல் போதுமான முன்மாதிரி. ஆனால் பிள்ளைகள் உடனிருக்கும் சூழலுக்கு இது போதாது.

அதற்குரிய முன்மாதிரி, பாரி இறந்தபின் எழுந்த பாடல்களில் உள்ளது. 112ஆம் பாடலில் பாரி மகளிர், தந்தையும் குன்றும் தமக்கிருந்த ஒரு நிலவுநாளையும், இரண்டும் இல்லாத மற்றொரு நிலவுநாளையும் அடுத்தடுத்து வைக்கின்றனர். 113, 114ஆம் பாடல்களில் அம்மகளிரை அழைத்துச் செல்லும் கபிலர் பறம்பிடம் விடைபெறுகிறார். தொலைவில் நின்று அதனைத் திரும்பிப் பார்க்கிறார். இழந்த மலையைச் சுட்டும் மூத்தவரும், அம்மலையில் வளர்ந்த இளையவரும் ஒரே வழியில் நடக்கும் காட்சி தமிழில் இங்கே தெளிவாக உருப்பெறுகிறது.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதது 116ஆம் பாடல். எளிய குடில் ஒன்றின் பக்கத்தில், ஈந்தின் இலை கிடக்கும் குப்பைமேட்டின்மேல் ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை அம்மகளிர் எண்ணுகின்றனர். முன்னர்ப் பறம்பின் உயரத்தில் நின்று பகைவேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். அதைக் காணும் கபிலர் நெஞ்சம் நோகிறார். எண்ணும் செயல் ஒன்றே. அதில் இளையோர் பெறுவது பொழுதுபோக்கு, மூத்தவர் பெறுவது கையறுநிலை. மகளிர் இழப்பை அறியாதவர் அல்லர். 112ஆம் பாடலே அதற்குச் சான்று. அறிந்திருந்தும் அவர்களால் வண்டிகளை எண்ண முடிகிறது. இளையோரின் இவ்வாற்றலைப் பாடல் பழிக்கவுமில்லை, மூத்தவரின் துயரத்திற்குள் கரைத்துவிடவுமில்லை. இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது. பெற்றோர் ஊரைப் பற்றிய எழுத்தை மதிப்பிட இதுவே தக்க அளவுகோல் எனலாம்.

விடுமுறையின் பெரும்பொழுது

முதற்பொருள் நிலமும் பொழுதுமாக அமைவது. ஊர்ப்பயண எழுத்தை ஆராய்வோர் நிலத்தைக் கணக்கில் கொள்கின்றனர்; பொழுதை விட்டுவிடுகின்றனர். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அஃதாவது ஐப்பசி முதல் தை முடிய. ஏலமலையின் அறுவடைக் காலம் ஏறத்தாழ ஆவணியில் தொடங்கி மாசி வரை நீள்வது. எனவே குறிஞ்சியின் பெரும்பொழுது முழுவதும் அதனுள் அடங்குகிறது. தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்களின் பேச்சும், ஏல ஸ்டோரிலிருந்து வரும் மணமும், ஈரமும், அட்டையும், மூடுபனியும் நிறைந்திருக்கும் மலையே அங்கு வளர்ந்தவரின் உள்ளத்தில் பதிந்த மலை.

பள்ளி விடுமுறையோ சித்திரையிலும் வைகாசியிலும் வருவது, அது வேனில். வேனில் பாலைக்குரிய பொழுது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் உண்மை. ஆகவே விடுமுறையில் மலையேறும் குடும்பம், குறிஞ்சி நிலத்தைப் பாலையின் பொழுதில் காண்கிறது. காய் ஓய்ந்த செடிகளையும், ஆளரவம் குறைந்த தோட்டப் பாதைகளையும், நீர் மெலிந்த ஓடைகளையுமே பிள்ளைகள் காண்கின்றனர். 'இங்கே பெரிய ஆறு ஓடும்' எனத் தந்தை சொல்லும்போது, பிள்ளையின் முன்னிருப்பது கல்லும் சருகும். தந்தை மிகைபடச் சொல்கிறார் என அது நினைத்தால் பிழை பிள்ளையினுடையதன்று, நாட்காட்டியினுடையது. உழைப்பின் பருவத்தில் பள்ளி நடக்கிறது; பள்ளி மூடும்போது உழைப்பின் மலை ஓய்ந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரின் உழைப்பைக் கண்ணால் காணாமலேயே மலையைக் கண்டு திரும்ப இது வழிசெய்கிறது. இவ்விடைவெளியை நிரப்பும் கடமை கதைக்கு வந்து சேர்கிறது.

ஏட்டில் இடம்பெற்ற ஊர்கள்

தமிழ் உரைநடையில் ஊர் எவ்வாறு காட்டப்பட்டுள்ளது என்பதற்கு இரு நூல்களைச் சான்றாகக் கொள்ளலாம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உத்தமதானபுரத்தின் வரலாற்றோடு தொடங்குகிறது. கண்முன் உள்ள ஊரினும் தம் இளமையில் இருந்த ஊரே தம் மனத்தில் நிலைத்திருப்பதை நூலாசிரியர் மறைப்பதில்லை. ஊரின் பெயருக்குக் காரணம் உண்டு, கோயில் உண்டு, முன்னோர் நிலம் உண்டு. மாறியது தோற்றமே, உரிமை ஐயத்திற்கு உள்ளாகவில்லை.

வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' (2001) வேறொரு நிலையைக் காட்டுகிறது. 1950களில் கட்டப்பட்ட வைகை அணைக்காக ஊர்கள் நீரில் மூழ்குகின்றன. தாத்தாவான பேயத்தேவர் தம் நிலத்தையும் வீட்டையும் தண்ணீருக்கு இழக்கிறார். காட்டுவதற்கு ஊரே இல்லாத நிலை அது. எனினும் அவ்விழப்பு 'இதிகாசம்' என்னும் பெயர் பெறும் அளவுக்குத் தமிழில் இடம்பெற்றுவிட்டது. காரணம், இழக்கப்பட்டது உழவரின் நிலம். ஊர் என்னும் சொல்லின் வழக்கமான பொருளுக்குள் அது எளிதில் அடங்குகிறது.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய எழுத்தில் நிலை வேறு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' முதலாகத் தோட்டம் என்பது பிழைக்கப் போன இடம். ஊர் என்பது சமவெளியில் விட்டுவந்த கிராமம். முதல் தலைமுறையைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. சக்குபள்ளத்திற்கு அண்மைய மலைப்பகுதியை உயிர்ப்புடன் காட்டிய லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) திரைப்படத்திலும் ஏலமூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ரங்கசாமியின் கனவு, அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம். இறுதியில் தான் உழுத நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக அவன் அமர்கிறான். அத்துயரம் மெய்யானது. ஆனால் அங்கும் மலை உழைப்பின் இடமாகவும், சமவெளி உரிமையின் இடமாகவுமே பகுக்கப்படுகிறது.

லயம் என்னும் ஊர்

இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு இப்பகுப்பு பொருந்துவதில்லை. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, மலைப்பள்ளியில் படித்து வளர்ந்தவருக்குக் கம்பமோ கோம்பையோ தேவாரமோ விடுமுறைக்குச் சென்ற தாத்தாவின் ஊர்; தம் ஊர் மலையே. சக்குபள்ளத்தை அடுத்த செல்லார்கோவிலிலிருந்து பார்த்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். 'அதோ அங்கேதான் நம்ம ஊர்' என்று முதல் தலைமுறையின் கை கீழ்நோக்கி நீண்டது. சமவெளியில் குடியமர்ந்த அவர்தம் மகனோ மகளோ இன்று கம்பத்தில் நின்று தம் பிள்ளைகளுக்கு மலையைச் சுட்டும்போது அதே சொற்களுக்குக் கை மேல்நோக்கி நீள்கிறது. காட்டும் கையின் திசை மாறிவிட்டது. திறனாய்வு இத்திசை மாற்றத்தைக் கவனித்தாக வேண்டும்.

மேல்நோக்கி நீளும் கைக்கு ஓர் இடர் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடளித்தலை நிருவாகத்தின் கடமையாக்கியது; பின்னர் ஏலத்தோட்டங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. ஆனால் அவ்வீடு வேலையோடு பிணைந்தது; வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிறந்த வீட்டின் வாசலில் தந்தை நிற்கும்போது, உள்ளே வேறொரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும். அல்லது கூரையற்ற சுவர் மட்டும் நிற்கும். பத்திரம் இல்லை, பங்காளி இல்லை. தந்தைக்கு எளிதில் படிக்க வரும் பேருந்தின் மலையாளப் பெயர்ப்பலகை, பிள்ளைக்கு வெறும் கோலம்.

எல்லை அரசியலும் இவ்வூரை ஐயத்திற்குள்ளாக்கியது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றியபோது, இடுக்கியின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் காட்டுவழியாகத் தேனி மாவட்டத்திற்கு இறங்கினர். 'ஊர் திரும்பினர்' என அதனைச் சொல்வது எளிது. மலையில் பிறந்தோர்க்கு அது ஊரை விட்டு ஓடுதலாகும். 2020 ஆகஸ்டு 6 அன்று மூணாறை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு. ஆனால் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டது மலையில்தான். பூர்விகம் ஓரிடம், இளமை ஓரிடம், கல்லறை ஓரிடம் எனப் பிரியும் வாழ்வில் 'சொந்த ஊர்' எது என்பதற்குப் பூர்விகத்தை மட்டும் விடையாகக் கொள்வது போதாது.

பிள்ளையின் கண்

இந்நிலையில் பிள்ளையின் பங்கு யாது? தந்தைக்கு அம்மலையின் உரிப்பொருள் பிரிவு. பிள்ளைக்கோ அது முதற்காட்சி. ஒரு நிலத்தில் பிற திணைக்குரிய ஒழுக்கம் மயங்கி வருதலை உரையாசிரியர்கள் ஏற்பர். அவ்வகையில் ஒரே மலையில், ஒரே நாளில், தந்தையிடம் பாலையும் பிள்ளையிடம் குறிஞ்சியின் புதுமையும் நிகழ்கின்றன. கூரையற்ற சுவரில் தந்தை தம் தாயின் அடுப்படியைத் தேடுகிறார். பிள்ளை அச்சுவரின் ஓட்டையில் ஓணானைத் தேடுகிறது. இதனைப் பிள்ளையின் அறியாமை என எழுதும் கதை பாதியைத்தான் எழுதுகிறது. உப்பு வண்டிகளை எண்ணிய பாரி மகளிரைக் கபிலர் எழுதியவாறு, ஓணான் தேடலையும் அடுப்படித் தேடலையும் சம மதிப்புடன் எழுதும் கதையே முழுமை பெறும்.

மேலும் வீடும் நிலமும் இல்லாத ஊரைப் பொறுத்தவரை, பிள்ளையின் காட்சியே அவ்வூர் தொடர்வதற்குரிய வழி. உத்தமதானபுரத்தை நிலம் காத்தது; கள்ளிக்காட்டை நூல் காத்தது. லயத்தைக் காப்பதற்குப் பத்திரமும் இல்லை, இதிகாசமும் இன்னும் இல்லை. 'எங்க அப்பா இங்கதான் வளர்ந்தாங்க' என்று ஒரு பிள்ளை பின்னாளில் சொல்லும் ஒற்றைத் தொடரே அதன் ஆவணம். அத்தொடர் தந்தையின் துயரத்தை மனப்பாடம் செய்ததால் வருவதன்று. அப்பிள்ளை அங்குத் தனக்கென ஒன்றைக் கண்டதால் வருவது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, பெற்றோர் வளர்ந்த ஊரைப் பற்றிய எழுத்தை நினைவேக்கம் என்னும் ஒற்றை அளவுகோலால் அளப்பது பொருந்தாது; காட்டுவோரின் உரிப்பொருளும் காண்போரின் உரிப்பொருளும் தனித்தனியே கொள்ளப்பட வேண்டும். இரண்டு, நிலத்தோடு பொழுதையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் விடுமுறைப் பயணம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது புலப்படும். மூன்று, ஊர் என்பதை நிலவுரிமையாலும் பூர்விகத்தாலும் மட்டும் வரையறுத்தால், சக்குபள்ளம் போன்ற மலையூர்களில் பிறந்த தலைமுறைகள் இலக்கியத்தில் ஊரற்றவர் ஆகிவிடுவர். உழைப்பாலும் இளமையாலும் உரியதான இடத்தை ஊர் எனச் சொல்லத் திறனாய்வு தயங்க வேண்டியதில்லை. பறம்பு பாரியின் கையைவிட்டுப் போனபின்னரும், அதைப் பாரி மகளிரின் குன்று என்றே தமிழ் சொல்லி வந்துள்ளது.